வெற்றிலைத் தட்டோடு போன வெள்ளிக்கிழமை

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, தர்மபுரி பஸ் நிலையத்துக்கு வெளியே காரை ஓரங்கட்டிவிட்டுப் பூ வாங்க இறங்கினேன். உங்கள் அம்மா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நீல அட்டை. அதைப் பார்ப்பதும், பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பதுமாக இருந்தாள். ஒப்பிக்கப் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"என்னாங்க விசேஷம்?" என்று கேட்டார் பூக்காரம்மா, மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே.

"விசேஷமெல்லாம் ஒன்னுமில்லீங்க. தெரிஞ்சவங்க வூட்டுக்குப் போறோம்."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பூவும் பழமும் எடுத்துக்கிட்டுப் போறீங்க. விசேஷம் இல்லங்கறீங்க!" சிரித்தபடி ஒரு பிடி வெற்றிலையையும் பாக்கையும் சேர்த்து வைத்தார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் வைத்துக் கொடுக்கிற வெற்றிலையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆப்பிள், வாழைப்பழம், ஒரு ஸ்வீட் பாக்கெட், பூ, வெற்றிலை. எல்லாம் உருண்டு விடாமல் இருக்க வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டும் எடுத்து வந்திருந்தேன். அதில் அடுக்கிப் பின் சீட்டில் வைத்தேன். கார் முழுக்க மல்லிகை வாசம். உங்கள் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குமரா, இலக்கியா, இந்த வாரம் இதை எழுதக் காரணம் ஒரு டப்பா. போன தீபாவளிக்கு இலக்கியா வந்திருந்தபோது, முறுக்கு போட்டுவைக்க மேல்தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். அம்மா வேகமாக வந்து அதை வாங்கித் துடைத்துத் திரும்ப மேலேயே வைத்துவிட்டாள். "அது நம்முளுது இல்ல கண்ணு" என்றாள். யாருடையது என்று இலக்கியா கேட்டாள். இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மேலேயா, கீழேயா?

உங்கள் அம்மா டீன் ஆன புதிதில், என் கடைக்கு மோட்டார் காயில் கட்ட வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அண்ணி டீன் ஆயிட்டாங்களாமே. டீன்னா பிரின்சிபாலுக்கு மேலயா, கீழயா?"

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். எனக்கென்ன தெரியும். "மேலயும் இல்லீங்க, கீழயும் இல்லீங்க. நடுவுல" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். போகப்போக அதுதான் சரியான பதில் என்று எனக்கே தெரிந்தது.

எந்த வகுப்புக்கு யார் போக வேண்டும், எந்தப் பாடத்தில் ஏன் இவ்வளவு பேர் பெயில், எந்தப் பையனுக்கு வருகை குறைவு, எந்த இரண்டு வாத்தியார்களுக்குள் பேச்சு இல்லை, எல்லாம் அவள் மேஜைக்கு வரும். மேலே தாளாளர் ஒன்று சொல்வார். கீழே ஆசிரியர்கள் ஒன்று சொல்வார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அந்த வருஷங்களில் நீங்கள் இருவரும் போன் செய்தால், "ம்... சாப்பிட்டியா... சரி" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறாள் என்று வருத்தப்பட்டீர்கள். உங்கள் மேல் ஒன்றும் இல்லை. பேச்செல்லாம் கல்லூரியிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

இருபது வருஷத்துக்கும் மேல் ஆங்கிலம் நடத்தியவள். பாடம் நடத்தத் தெரிந்தவளுக்குப் பாடம் நடத்துகிறவர்களை நடத்தவும் தெரியும் என்று எப்படித்தான் முடிவு செய்தார்களோ. ஒரு நாள் காலையில் தனி அறையும் பெயர்ப் பலகையும் கொடுத்தார்கள். அன்று மத்தியானத்திலிருந்து கூட உட்கார்ந்து சாப்பிட யாரும் வரவில்லை. "டீன் ரூமுக்குள்ள டிபன் பாக்ஸோட போலாமா?" என்ற தயக்கம்.

தனம் மட்டும் வந்தாள்.

தனலட்சுமி, கணக்குத் துறைத் தலைவி. நீங்கள் தனம் ஆன்ட்டி என்று கூப்பிட்டவர். அம்மாவும் அவரும் ஒரே நாளில் அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். கோடை வந்தால் பிள்ளை பிடிக்க, அதாவது கல்லூரியில் சேர்க்க ஆள் தேடி, சித்தேரி, பென்னாகரம் பக்கம் ஊர் ஊராக இருவரும்தான் நடப்பார்கள். "கணக்கு படிச்சா பேங்க் பரிச்சை எழுதலாம்ங்க, புள்ளய அனுப்புங்க" என்று தனம் சொல்ல, அம்மா நோட்டீஸ் கொடுப்பாள். திரும்பும் பஸ்ஸில் ஒரே பொட்டலத்தில் அவித்த வேர்க்கடலை. உரித்த தோல் இருவர் புடவையிலும் ஒட்டியிருக்கும்.

தொப்பூர் தாண்டி ஒரு ஓட்டல்

டீன்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று ஒன்று வந்தது. சேலம் போகிற வழியில் ஒரு பெரிய ஓட்டலில் சில நாள். நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளின் பிரேக் சூடு காருக்குள் வரைக்கும் அடிக்கும். அவளை இறக்கிவிட்டு, ரோட்டோரக் கடை ஒன்றில் சாயங்காலம் வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் வெளியே வரும்போது அவள் தோளில் ஒரு மஞ்சள் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. 'நான் கேட்கிறேன்' என்று எழுதியிருந்தது.

"என்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"ஸ்ட்ராவ வச்சு கோபுரம் கட்டச் சொன்னாங்க. எங்களுது விழுந்துடுச்சு."

சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

கடைசி நாளில் சிரிப்பு இல்லை. கஷ்டமான செய்தியை எப்படிச் சொல்வது என்று அன்றைக்குப் பாடம். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் டீனாகவும் ஒருவர் வேலை போகிற ஆசிரியராகவும் நடிக்க வேண்டும். அம்மாவுக்கு ஜோடியாக வந்தவர் வேறொரு கல்லூரி டீன், வயதானவர். அம்மா அட்டையில் இருந்தபடி சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினாராம்.

"நடிக்கச் சொன்னா அந்த சார் நெசமாவே அழுதுட்டாருங்க. அவரு மொதல்ல இருந்த துறைய மூடினப்ப அவருக்கு யாருமே இப்படி உக்கார வச்சு சொல்லலையாம். நோட்டீஸ் போர்டுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாராம்."

அந்தப் பாடத்துக்குக் கொடுத்த அட்டைதான் அந்த நீல அட்டை. அதில் இப்படி எழுதியிருந்தது: உங்கள் அலுவலகத்தில் சொல்ல வேண்டாம். அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் இடத்தில் சொல்லுங்கள். முன்கூட்டியே நேரம் கேளுங்கள். அவர்களுக்கு ஆதரவான ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முதல் இரண்டு நிமிடத்துக்குள் செய்தியைச் சொல்லிவிடுங்கள். எல்லாம் நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பயிற்சி முடிந்த பிறகும் ஒரு வழிகாட்டியைப் போட்டிருந்தார்கள். சென்னையில் பெரிய கல்லூரி ஒன்றில் டீனாக இருந்தவர், அம்மாவைவிட இளையவர். மாதம் ஓரிரு முறை போனில் பேசுவார். வீட்டில் மிக்சி சத்தம், டி.வி. சத்தம் என்று அம்மா என் கடை வாசலில் நிற்கிற காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுவாள். அந்தம்மா பதிலே சொல்ல மாட்டார். கேள்வி மட்டும்தான்.

"'நீங்க என்ன நினைக்கறீங்க மேடம்'னு கேக்கறாங்க. நான் நெனைக்கறது எனக்கே தெரிஞ்சா இவங்கள எதுக்குங்க கேக்கறேன்?" என்று இறங்கி வருவாள். ஆனாலும் அடுத்த முறை சரியான நேரத்துக்குக் காரில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவளைக் கேட்பதற்கு வேறு யார் இருந்தார்கள்?

முக்கியமான விஷயம்

கணக்குக்கு ஆள் சேரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டருக்கும் காமர்சுக்கும் போய்விட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று அம்மா தாளாளரிடம் கேட்டு வாங்கினாள். அந்த வருஷமும் போயிற்று. அடுத்த கல்வியாண்டிலிருந்து துறை கிடையாது. தனத்துக்கும் வேலை கிடையாது. திங்கட்கிழமை அலுவலக உதவியாளர் கையில் கடிதம் போய்விடும் என்று தாளாளர் சொல்லிவிட்டார்.

"அதுக்கு முன்னாடி நானே அவகிட்ட சொல்லிக்கறேன்" என்று கேட்டு வந்தாள் உங்கள் அம்மா.

அம்மா காருக்குள் உட்கார்ந்து அந்த வழிகாட்டியிடம் போனில் பேசினாள். அன்றைக்குக் கண்ணாடியை ஏற்றாமல் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கடையில் இருந்த எனக்கும் கொஞ்சம் கேட்டது. எங்கே வைத்துச் சொன்னால் அவங்களால தாங்கிக்க முடியும்? அவ வீட்ல. யார் பக்கத்தில் இருந்தால் நல்லது? அவ வீட்டுக்காரர். எப்போது? நாளைக்கு, வெள்ளிக்கிழமை.

உடனே தனத்துக்குப் போன் செய்தாள்.

"தனம், நாளைக்குச் சாயங்காலம் நானும் அவரும் உங்க வூட்டுக்கு வர்றோம். ஒரு முக்கியமான விஷயம் பேசணும். அண்ணனும் இருந்தா நல்லது."

 தனத்தின் குரல் மாறியிருந்தது. "அப்படியா... சரி சாந்தி. நாலரைக்கு மேல, அஞ்சரைக்குள்ள வந்துடுங்களேன்."

"ஏன் அப்படிக் குறிச்சு சொல்றா?" என்று கேட்டேன்.

"காலேஜ் விட்டு வரணுமில்ல" என்றாள் அம்மா. காலண்டரைப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்து நல்ல நேரம் அது.

ஒன்று சொல்ல வேண்டும், குமரா. தனம் வீட்டுக்கும் நமக்கும் முறை தடுக்காது என்று அவர் மகள் பிரியாவுக்குப் பெயர் வைத்த அன்றே யாரோ கணக்குப் போட்டுச் சொன்னதுண்டு. பெரியவர்கள் அதை வைத்துக் கேலி பேசிக்கொள்வோம். நாங்கள் போன சமயம் நீ ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தாய். பிரியா படிப்பை முடித்திருந்தாள்.

வாசலில் கோலம்

பாலக்கோட்டில் அவர்கள் தெருவுக்குள் திரும்பியதுமே எனக்கு என்னமோ போல இருந்தது. வாசலில் பெரிய கோலம், செம்மண் பட்டை கட்டி. தனத்தின் வீட்டுக்காரர் முருகேசண்ணன் தக்காளி மண்டியில் வேலை செய்கிறவர். எப்போது போனாலும் தக்காளிச் சாறு காய்ந்த கைலியில்தான் இருப்பார். அன்றைக்கு மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. உள்ளே பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கிருஷ்ணகிரியிலிருந்து தனத்தின் தம்பி வந்து உட்கார்ந்திருந்தார், பிரியாவின் தாய்மாமன்.

"வாங்க, வாங்க!" முருகேசண்ணன் என்னை நேராகப் பார்க்கவே கூச்சப்பட்டார். என் கையிலிருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெற்றிலை, பூ, பழம். வெள்ளிக்கிழமை. புருஷன் பெண்டாட்டி இருவரும். முக்கியமான விஷயம்.

உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த நீல அட்டை கைப்பைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கும் உறைத்துவிட்டது.

பிரியா பட்டுப் புடவையில் வந்து கேசரியும் பஜ்ஜியும் வைத்தாள். நெய்யும் ஏலக்காயுமாகக் கேசரி சூடாக இருந்தது. ஒரு வாய் போட்டுக்கொண்டு தட்டைக் கீழே வைத்தேன். அட்டை சொன்ன இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம் என்றால், திங்கட்கிழமை கடிதம் வரும்.

அம்மா எழுந்தாள். "தனம், கொஞ்சம் அடுப்படிக்கு வாயேன்."

தனம் சிரித்துக்கொண்டே போனாள். சீர் வரிசைப் பேச்சைப் பெண்கள் தனியாகத்தானே ஆரம்பிப்பார்கள்.

நான் ஆண்களோடு மாட்டிக்கொண்டேன். "தம்பி ஓசூர்லயே இருந்துடுவாருங்களா, இல்ல பெங்களூர் பக்கம் போவாரா?" என்றார் தாய்மாமன்.

"இப்போதைக்கு ஓசூர்தாங்க."

"ஷிப்டு வேலைங்களா?"

"ஆமாங்க."

"பரவால்லீங்க, எங்க பிரியாவும் ராத்திரி முழிச்சுப் படிச்சவதான்" என்று முருகேசண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? உள்ளே கரண்டி ஏதோ பாத்திரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றது. பஜ்ஜி எண்ணெய் காய்கிற வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது, கருகுகிற வரைக்கும்.

தனம்தான் முதலில் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"கணக்கு டிபார்ட்மெண்ட மூடறாங்களாம். எனக்கு வேலை இல்லியாம். அதச் சொல்லத்தான் வந்திருக்காங்க."

 தாய்மாமன் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். முருகேசண்ணன் சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப... இந்த வெத்தல?"

"வூட்டுக்கு வர்றப்ப வெறுங்கையோட எப்படிங்கண்ணா..." என்றேன் நான்.

கதவோரம் நின்ற பிரியா கேட்டாள், "அம்மா, நான் பொடவைய மாத்திக்கட்டுமா?" அவள் குரலில் இருந்தது வருத்தமா, விட்டதடா என்ற நிம்மதியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தனம் மறுபடி உள்ளே போனாள். ஒரு டப்பாவோடு வந்தாள். மிச்சக் கேசரி. "எடுத்துட்டுப் போ. இவ்ளோ செஞ்சுட்டேன், இங்க யாரு சாப்பிடப் போறாங்க" என்று அம்மா கையில் வைத்தாள். 'போ' என்றாளே தவிர, 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை.

ரயில்வே கேட்

வரும் வழியில் கேட் போட்டிருந்தது. முன்னால் தக்காளி ஏற்றிய டெம்போ. பழுத்து நசுங்கிய புளிப்பு வாசம் காருக்குள் வந்தது. டப்பா அம்மா மடியில் இன்னும் சூடாக இருந்திருக்கும்.

நான் மெதுவாகச் சொன்னேன். "பேசாம நெசமாவே பொண்ணு கேட்டுடலாமா? நல்ல புள்ளதானே."

"இப்பக் கேட்டா, வேலைக்குப் பதிலா குடுத்த மாதிரி ஆயிடும்ங்க. அவ வாங்கிக்க மாட்டா." கேட் திறந்ததும், "நானா இருந்தாலும் வாங்கிக்க மாட்டேன்" என்றாள்.

இப்படித்தான், குமரா, உன்னைக் கேட்காமலே உனக்கு ஒரு பெண் பார்த்து, உன்னைக் கேட்காமலே விட்டுவிட்டும் வந்தோம்.

அடுத்த முறை அந்த வழிகாட்டி போனில் கேட்டார், எப்படிப் போயிற்று என்று. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், வெற்றிலை உட்பட.  கடைசியில் அவர், "நானும் ஒருத்தங்ககிட்ட வேலை போச்சுன்னு சொல்ல வேண்டி வந்துது. ஆபீஸ்ல வச்சுச் சொன்னேன் மேடம், கதவச் சாத்திட்டு. அவங்களும் என்கிட்ட இன்னும் பேசறதில்ல" என்றாராம். அந்தம்மா கேள்வி கேட்காமல் பேசியது அந்த ஒருமுறைதான்.

டப்பா

நம் வீட்டுக்கு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நமக்கு இல்லை. எதைப் போட்டுக் கொடுப்பது என்பதுதான் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. பொங்கலுக்கு அதிரசம் போட்டாள், எடுத்துவிட்டாள். இனிப்பைக் கண்டால் திரும்ப ஏதாவது நினைப்பாளோ என்றாள். முறுக்கு போட்டாள், எடுத்துவிட்டாள். பிரியாவின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. நேரில் வந்து கொடுக்கவில்லை. போய் மேடையில் வரிசையில் நின்று வாழ்த்திவிட்டு வந்தோம். கூட்டத்தில் பேச முடியவில்லை. பேச முடியாதபடி கூட்டம் இருந்ததில் அம்மாவுக்கும் தனத்துக்கும் நிம்மதிதான்.

அம்மா டீனாகவே இருக்கிறாள். அதற்கப்புறம் இன்னொரு துறையும் போயிற்று. அதைத் தன் அறையிலேயே வைத்துச் சொன்னாள். அன்றைக்கும் அதே மாதிரிதான் செருப்போடு வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நாள் முன்பு, அதே ஓட்டலில் புதிய டீன்களுக்குப் பேச அம்மாவைக் கூப்பிட்டார்கள். இப்போது அவள் வழிகாட்டியாம். வெற்றிலைக் கதையைச் சொன்னாளாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒரு சின்ன வயது டீன் மட்டும் எழுந்து, "அப்புறம் அவங்ககிட்ட பேசினீங்களா மேடம்?" என்று கேட்டிருக்கிறாள்.

தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். "இல்லன்னு சொல்லிட்டு வந்தேங்க. அத்தன பேரு முன்னால."



அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்துக் கழுவினாள். மூடியை இறுக்கிப் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். "பூவெல்லாம் வாங்க வேணாம். போனும் பண்ணல. வண்டிய எடுங்க" என்றாள்.

பாலக்கோட்டில் தனம் இப்போது வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறாள். வாசலில் நிறைய சின்னச் செருப்புகள். சாக்பீஸ் தூளோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் என் கைகளைப் பார்த்தாள். காலியாக இருந்தன. பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"என்ன விஷயம்? இந்த வாட்டி வாசல்லயே சொல்லிடு."

"ஒன்னுமில்ல தனம். டப்பாவக் குடுக்க வந்தேன்."

தனம் வாங்கினாள். கனத்தைக் கையில் பார்த்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது.

"அவிச்ச கடலையா?"

"ம்."

"உப்பு போட்டியா?"

"போட்டேன்."

உள்ளே ஒரு பிள்ளை சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. தனம் ஒரு கடலையை எடுத்து நின்ற இடத்திலேயே உரித்தாள். தோல் அவள் புடவையில் விழுந்தது. அதைத் தட்டிவிடாமல் கதவை விட்டு நகர்ந்து, நாங்கள் உள்ளே போக வழி விட்டாள்.